செவலையை நடக்கச் சொல்லாதீர்கள்

வாசகர் கடிதம்:

"எங்கள் வீட்டு நாய் செவலை. நான்கு வயது, ஆண். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கப் போனால் இவனும் பின்னாலேயே மலைக்குப் போவான். போன மாதம் இரண்டு நாள் காணவில்லை. மூன்றாம் நாள் காட்டோரத்து மானாப்புல்லுக்குள், பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பியில் இடது பின்காலோடு மாட்டிக்கிடந்தான். தம்பி குறட்டால் கம்பியை வெட்டி எடுத்தான். அந்த நேரம் செவலை தம்பியின் கையைக் கடித்துவிட்டான். நகரத்து அரசாங்க மிருக வைத்தியர் மருந்து கட்டி, கவனித்துப் பார்க்கச் சொன்னார். ஐந்தாம் நாள் பாதம் குளிர்ந்து கருத்துப்போனது. லயத்துச் சனம் காசு சேர்த்தது, கட்டாரில் இருக்கும் அத்தை மகன் அனுப்பினார், வான்காரர் டீசல் காசு மட்டும் வாங்கினார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். காலைத் தொடை வரைக்கும் எடுத்துவிட்டார்கள். பதினான்காம் நாள் தையல் பிரித்தாயிற்று, அந்த இடம் நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் கம்பி மற்றப் பின்காலின் உள்தொடையையும் கிழித்திருந்தது. அது இன்னும் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்த புண். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடுகிறோம். வலிக்குப் பெனடோல் (பரசிற்றமோல்) மாத்திரையில் பாதி கொடுத்தோம். ஒப்பரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினெட்டு நாள், இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. காசு கொடுத்தவர்கள் வந்து பார்த்து, 'இவ்வளவு செலவழித்தும் படுத்தே கிடக்கிறதே' என்கிறார்கள். அத்தை மகன் நடக்கிற வீடியோ கேட்கிறார், செயற்கைக் கால் வாங்கி அனுப்பட்டுமா என்றும் கேட்கிறார். தம்பி வாலைப் பிடித்துத் தூக்கி நடக்கவைத்துப் பார்க்கிறான். பாதம்தானே அழுகியது, ஏன் தொடை வரைக்கும் எடுத்தார்கள்? முதல் நாளே பேராதனைக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்குமா? இன்னொன்று. கம்பி கட்டியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவரும் 5,000 ரூபாய் கொடுத்தார். அதை வாங்கியது சரியா? எல்லாம் போக 18,500 ரூபாய் மிச்சம் இருக்கிறது."

தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர்

மிருக வைத்தியரின் பதில்:

டீச்சர், நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தம்பியின் கை எப்படி இருக்கிறது? கடிதம் முழுக்க நாயைப் பற்றி எழுதி, தம்பியை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். நாய் வளர்க்கும் வீடுகளில் இது வழக்கம்தான்.

கடித்து இப்போது மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. செவலை உயிரோடு, புத்தியோடு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான். விசர்நாய் நோய்க் கிருமி எச்சிலில் வந்த நாய் அதற்குப் பிறகு இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது. ஆகவே அந்தக் கடியால் தம்பிக்கு விசர் வரும் என்ற பயம் வேண்டாம். ஆனால் துருப்பிடித்த கம்பியும் நாயின் பல்லும் பட்ட கை அது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாரா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள். அப்படியே நாய்க்கடி விவரத்தையும் அங்கே சொல்லிவைக்கட்டும். இனி எந்த நாய் கடித்தாலும், தெரிந்த நாயாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி தேவை என்றால் அங்கே இலவசமாகப் போடுவார்கள்.

செவலைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இரண்டு நாள் காட்டோரத்தில் கட்டுண்டு கிடந்த நாயை இரவில் நரி வந்து கடித்ததா, வேறு நாய் கடித்ததா, யாருக்குத் தெரியும்? அவனுடைய விசர்த் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் வைத்தியரிடம் சொல்லி உடனே போட்டுவிடுங்கள். அவன் குணத்தில் திடீரென்று மாற்றம் தெரிந்தால் கிட்டே போகாமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி கால். "முதல் நாளே பேராதனைக்குப் போயிருந்தால்" என்ற கேள்வியை எத்தனை இரவு உங்களுக்குள் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களால் காலை இழக்கவில்லை. அது மானாப்புல்லுக்குள்ளேயே போய்விட்டது. சுருக்கு இறுகியதும் காலுக்கு இரத்தம் போவது நிற்கிறது. நாய் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். சில மணி நேரம் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு நாள் என்றால் தசை, நரம்பு, தோல் எல்லாம் பட்டினி கிடந்து செத்துவிடும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. கம்பியை எடுத்த அன்று கால் வீங்கியிருக்குமே தவிர, பார்க்க அவ்வளவு மோசமாகத் தெரியாது. செத்த தோல் செத்ததுதான் என்று காட்டிக்கொடுக்க மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை எடுக்கும். அதனால்தான் உங்கள் நகரத்து வைத்தியர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று கோடு தெரியாமல் வெட்டினால் இரண்டாவது முறையும் வெட்ட வேண்டி வரும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுருக்கில் மாட்டிய நாயைக் கண்டால் முதலில் அதன் தலைமேல் ஒரு சாக்கையோ படங்கையோ போர்த்துங்கள். வாயைத் துணிக்கீற்றால் சுற்றிக் கட்டுங்கள், மூச்சு விட இடம் இருக்கட்டும். கம்பியை மரத்திலிருந்து வெட்டுங்கள். உடம்பில் இறுகிக் கிடக்கும் வளையத்தை இழுத்துப் பிடுங்காதீர்கள். முடிந்தால் தளர்த்திவிட்டு அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாய் எழுந்து ஓடினாலும், வாலாட்டினாலும், அன்றே கொண்டுபோக வேண்டும்.

பாதம்தான் அழுகியது, ஏன் தொடை வரை? நியாயமான கேள்வி. காசு கொடுத்தவர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். மனிதருக்கு என்றால் முடிந்த அளவு காலை மிச்சம் வைப்பார்கள், பிறகு செயற்கைக் கால் மாட்டலாம் என்று. நாய்க்குப் பாதி காலை மிச்சம் வைத்தால் அது அந்தக் கட்டையை ஊன்றப் பார்க்கும். ஒவ்வொரு அடிக்கும் கட்டை நிலத்தில் இடித்து, தோல் தேய்ந்து, எலும்பு முனை வெளியே வந்து, ஆறாத புண்ணாகிவிடும். லயத்துப் படியில், கல்லில், தேயிலைக் கவ்வாத்துக் குச்சியில் தினமும் இடிபடும். அதனால் தொடையில் நல்ல தசை இருக்கும் இடமாகப் பார்த்து எடுத்து, அந்தத் தசையாலேயே எலும்பை மூடித் தைப்பார்கள். பேராதனையில் செய்தது சரியான வேலை. பதினான்கு நாளில் ஆறிய தையலே அதற்குச் சாட்சி.

இதிலேயே செயற்கைக் கால் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. தொடையோடு எடுத்த இடத்தில் செயற்கைக் காலைப் பிடித்து நிறுத்தப் போதிய பிடிமானம் இல்லை. கட்டாரிலிருந்து எவ்வளவு விலையானதை அனுப்பினாலும் அது அலுமாரிக்கு மேல்தான் இருக்கும். இரண்டு சக்கர வண்டியும் வேண்டாம். அது இரண்டு பின்காலும் விளங்காத நாய்க்கு. அத்தை மகனிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். நாயின் பாரத்தில் அறுபது வீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. நாற்பது வீதத்தை இரண்டு பின்கால் சுமந்தது, இனி ஒன்று சுமக்கும். மூன்று காலில் ஓடித் திரியும் நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டி வீதியில் பஸ்ஸைத் துரத்தியதையும் பார்த்திருக்கிறேன். அது மட்டும் செவலைக்கு வேண்டாம்.

அப்படியென்றால் இவன் ஏன் இன்னும் நடக்கவில்லை?

பின்கால் எடுத்த நாய் பொதுவாக ஓரிரு நாளில் எழுந்து தடுமாறும், இரண்டு வாரத்தில் கெந்திப் போகும், ஒரு மாதத்தில் பழகிவிடும். அந்தக் கணக்கில் பதினெட்டு நாள் கொஞ்சம் தாமதம்தான். ஆனால் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் இருக்கிற ஒரே பின்காலின் உள்தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவன் கெந்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் மடிந்து நீள்கிறது, புண் இழுபடுகிறது. எழும்ப வேண்டும் என்று ஆசை இருக்கிறது, எழும்பினால் நோகிறது. அவன் சோம்பேறியும் இல்லை, காசு வீணும் இல்லை. தொடைப் புண் ஆறட்டும், நடை தானாக வரும். அதனால் தம்பிக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வாலின் அடியில் இருக்கும் நரம்புகள்தான் மூத்திரத்தையும் மலத்தையும் அடக்கவும் போகவும் உதவுபவை. அவை இழுபட்டால் இந்த நாய் மூன்று காலோடு இன்னொரு கஷ்டத்தையும் சுமக்கும்.

தூக்குவதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. பழைய துவாய் ஒன்றை நீளவாக்கில் மடித்து, வயிற்றுக்கு அடியில், பின்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். புண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரத்தை நீங்கள் தூக்கக் கூடாது. விழாமல் தாங்குவதோடு சரி. மூத்திரத்துக்கு வெளியே போகும்போது நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் யார் வந்து நின்றாலும் கிடையாது.

அப்புறம் உங்கள் வீட்டுத் தரையை நினைத்துப் பாருங்கள். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், சிவப்புச் சீமெந்துக்குப் பொலிஷ் போட்டு மினுங்கவைத்திருக்கிறீர்களா? நம் ஆட்களுக்கு அது ஒரு பெருமை. மூன்று கால் நாய்க்கு அது எண்ணெய் ஊற்றிய சட்டி. ஒரு தடவை வழுக்கி விழுந்தால் பிறகு பயத்திலேயே எழும்பாது. படுக்குமிடத்திலிருந்து வாசல் வரை சணல் சாக்கை விரியுங்கள், ஓரங்களில் கல் வையுங்கள். நகம் வளர்ந்திருந்தால் நுனியை மட்டும் வெட்டுங்கள்.

படி பற்றியும் சொல்ல வேண்டும். முன்கால் இழந்த நாய்க்கு இறக்கம் கஷ்டம், பின்கால் இழந்த நாய்க்கு ஏற்றம் கஷ்டம். உடம்பை முன்னால் உந்தித் தள்ளுவது பின்கால்தான். ஆகவே லயத்துப் படியில் இறங்கிவிட்டு, ஏற முடியாமல் கீழே நின்று கத்துவான். அப்போது தூக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தானே ஏறப் பழகுவான். அம்மாவின் பின்னால் மலைக்குப் போவது மட்டும் இந்த வருடம் வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். துவாயில் தாங்கி நிற்கவைத்து, இருக்கிற பின்பாதத்தை மடித்து அதன் மேற்புறம் நிலத்தில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே பாதத்தைச் சரியாகத் திருப்பிக்கொள்ளும். மூன்று முறை வைத்தும் அப்படியே விட்டுவைத்தால், அல்லது அந்தக் காலில் கொஞ்சமும் பாரம் வைக்க மறுத்தால், விஷயம் புண்ணோடு நிற்கவில்லை, நரம்பிலோ இடுப்பிலோ இருக்கிறது. அப்போது பொறுத்திருக்காமல் கொண்டுபோய் எக்ஸ்ரே படம் பிடிக்க வேண்டும். மிச்சக் காசில் முதல் உரிமை இதற்குத்தான்.

இனி அந்தப் புண். மஞ்சளையும் எண்ணெயையும் நிறுத்துங்கள். மஞ்சள் விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் தூள் புண்ணில் காய்ந்து பொருக்குக் கட்டிவிடும். அதற்கு அடியில் சீழ் தேங்கும், மேலே பார்த்தால் ஆறியது போலத் தெரியும். இதற்கும் முந்திய ஆட்கள் மண்ணெண்ணெய், கிரீஸ், பற்றரிக் கரி எல்லாம் பூசிக்கொண்டு வருவார்கள். அதைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஒன்பது கிராம் உப்புப் போடுங்கள். தேக்கரண்டியில் தட்டையாக அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை வரும். உடல்சூட்டு அளவுக்கு இளஞ்சூடாக, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்துப் புண்ணின் மேல் பீய்ச்சிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், புது தசை மிக மெல்லியது. மஞ்சள் பொருக்கு ஒரே நாளில் போகாவிட்டால் பிய்க்க வேண்டாம், ஈரத் துணி வைத்து ஊறவிட்டு இரண்டு மூன்று நாளில் எடுங்கள்.

கழுவியதும் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈரமாக, மாதுளை முத்துப் போல, பொடிப் பொடியாகச் சிவந்திருந்தால் நல்ல செய்தி, உடம்பு தன் வேலையைச் செய்கிறது. அதன் மேல் வைத்தியர் தந்த களிம்பும் ஒட்டாத துணியும் போதும். மஞ்சளாக, கொழகொழவென்று, வாடையோடு இருந்தால் என்னிடம் மலிவான ஒரு வைத்தியம் இருக்கிறது: சீனி. சிரிக்காதீர்கள். தேத்தண்ணிக்குப் போடுகிற அதே வெள்ளைச் சீனிதான். புண்ணின் மேல் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சீனியைக் கொட்டி, மேலே தடித்த பஞ்சுத் துணி வைத்துக் கட்டுங்கள். சீனி புண்ணிலிருந்து நீரை இழுக்கும். அந்த நீரோடு அழுக்கு வரும், வீக்கம் வடியும், சீனி அடர்ந்திருக்கும் இடத்தில் கிருமி பெருக முடியாது. மிருக வைத்தியத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான் இது. கட்டு நனைந்ததும் மாற்ற வேண்டும், முதலில் நாளைக்கு இரண்டு தடவைகூட ஆகலாம். சீனி கரைந்து தண்ணீராகிவிட்டால் அதற்குப் பிறகு பயன் இல்லை. புண் சிவந்து சுத்தமானதும் நிறுத்திவிடுங்கள். இரத்தம் கசியும் புண்ணுக்கு இது வேண்டாம். சீனி இல்லை என்று கித்துள் பாணியை ஊற்றிவிடாதீர்கள். அதோடு எறும்பு வரும். படுக்கையைச் சுற்றி எறும்பு மருந்து தூவ வேண்டாம், நாய் நக்கும். மரப்பலகையில் படுக்கவைத்து, பலகைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைத்தால் தீர்ந்தது. நம் பாட்டிமார் பால் சட்டிக்குச் செய்ததுதான். தொடங்குவதற்கு முன் உங்கள் நகரத்து வைத்தியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புண்ணை நேரில் பார்ப்பவர் அவர்.

நக்கவிடாதீர்கள். நாயின் எச்சில் மருந்து என்ற கதை நம் ஊரில் நிறைய உண்டு. நக்குகிற நாக்கு ஆறுகிற தோலின் ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிடும். கழுத்துக்குக் கூம்பு வாங்கக் காசு வேண்டாம். வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் அதைக் கூம்பாக வளைத்து, கழுத்தோரத்தில் துணி வைத்துத் தைத்துவிடலாம். தாத்தாவின் நெஞ்சுப் படம் இல்லாத லயவீடு இருக்கிறதா?

ஈயும் கவனம். பக்கத்தில் மாட்டுப்பட்டி இருந்தால் இன்னும் கவனம். மூடாத புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வரும். புழுவைக் கண்டால் கற்பூரமோ மண்ணெண்ணெயோ ஊற்றாமல், இடுக்கியால் தெரிகிறதை எடுத்துவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். புண்ணின் ஓரம் கருத்தால், அழுகல் நாற்றம் வந்தால், ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால், சூடு 39.5 பாகைக்கு மேல் போனால் அப்போதும் அப்படியே. நாயின் சாதாரணச் சூடே 38 முதல் 39.2 வரை இருக்கும். நம் சூட்டோடு ஒப்பிட்டுக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம்.

பெனடோல் கொடுத்ததற்கு உங்களைத் திட்டப்போவதில்லை, ஆனால் இனி வேண்டாம். பாதி மாத்திரையால் இப்போது ஒன்றும் ஆகியிருக்காது. அளவு கூடினால் ஈரல் போகும். அதைவிட மோசம் டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மனிதருக்கான வலி மாத்திரைகள். நாயின் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிருக வைத்தியர் தந்த வலி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து இரட்டிப்பு. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அது இரத்தம். வீட்டில் பூனை இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பெனடோல் பூனையைக் கொன்றுவிடும். செவலைக்கு வலி இருக்கிறது என்பது உண்மை. புண்ணுக்கும் வெட்டிய நரம்புக்கும் நாய்க்கென்று மருந்து இருக்கிறது. நகரத்து வைத்தியரிடம் "இன்னும் நோகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் சனம் இதைச் சொல்லவே கூச்சப்படும்.

சாப்பாட்டில் சுருக்கமாக: அவித்த முட்டை, கோழி ஈரல், உப்புப் போக ஊறவைத்து அவித்த நெத்தலி, சோறு. புண் ஆறப் புரதம் வேண்டும். சம்பலோடு ரொட்டி வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. ஆனால் பாவம் என்று எல்லோரும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துக் கொழுக்கவைக்காதீர்கள். தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஒற்றைப் பின்காலுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்தான்.

காசு விஷயத்துக்கு வருவோம். காசு கொடுத்தவர்களுக்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும். நாயை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் தம்பி வாலைப் பிடிக்கிறான். மாரியம்மன் திருவிழா முடிந்ததும் வரவு செலவு வாசிப்பார்களே, அதே மாதிரி ஒரு தாளில் எழுதுங்கள். யார் எவ்வளவு என்று பெயர் போட வேண்டாம், மொத்த வரவு, வான், ஒப்பரேஷன், மருந்து, மிச்சம். லயத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், கட்டாருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். வீடியோ கேட்டால் அவன் வெயிலில் படுத்து முட்டை சாப்பிடுவதை எடுத்து அனுப்புங்கள். அதுவும் நல்ல வீடியோதான்.

மிச்சம் 18,500ஐ இப்போது யாருக்கும் திருப்பிக் கொடுக்காதீர்கள். புண் ஆற இன்னும் சில வாரம் எடுக்கும், இடுப்புப் படம் எடுக்க நேரலாம். எல்லாம் முடிந்து மிஞ்சினால், வைத்தியர் சரி என்றதும் விதை நீக்கிவிடுங்கள். பெட்டை நாயைத் தேடி இரவில் காட்டோரம் அலையும் பழக்கம் குறையும். இவனைச் சுருக்குக்குக் கொண்டுபோனது அம்மாவின் பாசமா வேறு பாசமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதற்கும் மேல் மிஞ்சினால் சேர்த்துவையுங்கள். லயத்தில் அடுத்த நாய்க்கு ஆகும்.

கடைசியாக அந்த 5,000.

மஸ்கெலியாப் பக்கம் வேலை செய்த காலத்தில் ஒருவர் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வயிற்றைச் சுற்றிச் சுருக்கு, தோல் கிழிந்து தசை தெரிந்தது. நாய்க்கு மயக்கம் கொடுத்துக் கம்பியை எடுத்தேன். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள். யாரோ படுபாவி கட்டியது என்றார். மருந்து வாங்க வெளியே போனவரை ஜன்னலால் பார்த்தேன். அவர் ஏறிய பைக்கின் முன் பிரேக்குக்குக் கேபிள் இல்லை. திரும்பி வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாய் பிழைத்தது. மிச்சச் சுருக்குகளை அவர் கழற்றினாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம்: அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்தால் அவருக்கு அவமானம், உங்களுக்குப் பகை, செவலைக்கு ஒரு லாபமும் இல்லை. உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் கஷ்டம் எனக்கும் தெரியும். அவர் உங்கள் நாய்க்கென்று அதைக் கட்டவில்லை. ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. மலைநாட்டில் காண்பதற்கே அரிய மிருகம். மீட்டுக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. அன்று நாடே பேசியது. கம்பிகள் இன்னும் காட்டோரத்தில்தான் இருக்கின்றன. கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண்ணின் காலுக்கும் அதே கம்பிதான். காட்டுமிருகத்துக்குச் சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. அதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்கும்.

அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். செவலை படுத்திருக்கும் இஸ்தோப்பிலேயே கொடுங்கள். "அண்ணே, இன்னும் எத்தனை கம்பி மேலே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். தம்பி அந்த நேரம் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இளரத்தம். அவர் எண்ணிக்கை சொன்னால், அடுத்த ஞாயிறு நாலு பேராகச் சேர்ந்து போய்க் கழற்றுங்கள். தினமும் பிரட்டில் பெயர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், தேயிலை மலையின் எந்தத் துண்டில் எது இருக்கிறது என்று உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். பன்றிக்குப் பழைய தகர வேலியும் இரவில் ஒரு மின்குமிழும் எவ்வளவோ மேல், முழுசாக நிறுத்தாவிட்டாலும்.

மஞ்சளைக் கழுவி மூன்று நாள் ஆனதும் புண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி வைத்து எடுங்கள், அளவு தெரியும். ஒரு வாரம் கழித்து அதே நெருப்புப்பெட்டியோடு இன்னொன்று.